மூன்று சுழிக்கு ஏற்ற நிப்பு

கோவில்பட்டியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1974-இல். ஐந்தாம் வகுப்பு வரை சிலேட்டும் பென்சிலும்தான். ஆறாம் வகுப்பு என்றால் மைப்பேனா கட்டாயம். பால்பாயின்ட் பேனா அதற்குள் கடைகளுக்கு வந்துவிட்டிருந்தது. ஆனால் அதை வகுப்பில் வெளியே எடுத்தால் தமிழய்யா பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். கையெழுத்து கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அதில் போட்ட கையெழுத்து செல்லாது என்று பெரியவர்களும் சொல்லிவைத்திருந்தார்கள். எங்களுக்கோ அதன் மேல்தான் ஆசை. ஒழுகாது, சட்டையைக் கறையாக்காது, மை ஊற்றுகிற வேலை இல்லை.

இன்று எல்லாம் தலைகீழாகிவிட்டது. எந்தப் பெட்டிக்கடையிலும் பால்பாயின்ட் பேனாவும் ஜெல் பேனாவும் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. மைப்பேனா வேண்டும் என்றால் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிற கடையாகப் பார்த்துப் போக வேண்டும். எங்கள் கையிலிருந்து பிடுங்கிய பொருள் தெருவெல்லாம் கிடக்கிறது. எங்கள் மேல் திணித்த பொருளை நான் ஓய்வூதியக் காசில் ஊர் ஊராகத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பேனாவுக்கு உடம்பு உண்டு. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் உண்டு. ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூட அத்தனையும் அத்துப்படி. மூடி, கிளிப்பு, உடல், கழுத்து, நிப்பு, நிப்புக்கு அடியில் நாக்கு. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி இதற்கென்றே சிறிய கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார். அட்டையில் வரிசையாகச் செருகிய நிப்புகள், ஒரு டப்பா நிறைய நாக்குகள், ஜோடி தொலைத்த மூடிகள், ஒரு பழைய பிளேடு, ஒரு கிண்ணம் தண்ணீர். கடை அவ்வளவுதான்.

பேனாவைக் கொடுத்ததும் எழுதிப் பார்க்கமாட்டார். நிப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்.

“நிப்பு நல்லாத்தாம்ல இருக்கு. நாக்குதான் அடைச்சிருக்கு. மாத்திரை மையைச் சரியாக் கரைக்காம ஊத்துனியா?”

“வீட்டுல அதுதான் அண்ணாச்சி இருக்கு.”

“கரைச்சுட்டு ஒரு ராத்திரி வச்சிட்டுத் துணியில வடிகட்டி ஊத்து. இந்தா, கழுவிட்டேன். காசு வேணாம், போ.”

இவ்வளவு சிறிய பொருளுக்குள் நடக்கிற வேலை எனக்கு இன்றும் அதிசயம்தான். மை கீழே வர வேண்டும் என்றால், வெளியேறுகிற மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும். நாக்கில் நீளவாட்டில் கீறியிருக்கிற நுண்ணிய வாய்க்கால்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொள்கின்றன. நாக்கிலிருந்து நிப்பின் பிளவுக்கும், பிளவிலிருந்து தாளுக்கும் மையை இழுப்பது நுண்புழைக் கவர்ச்சி. நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை பெற்ற நாக்கு இந்த அடிப்படையில் அமைந்ததுதான். ஊற்றுப்பேனா நம்பி எழுதத்தக்க கருவியானது அதற்குப் பிறகே.

எங்களுடையவை எல்லாம் உடலுக்குள் நேராக மை ஊற்றுகிற பேனாக்கள். கழுத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடி ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பெரிய பேனா என்றால் 3 மில்லி வரை கொள்ளும். இன்றைய பேனாக்களில் வருகிற மைக்குழல் பெரும்பாலும் 1 மில்லிகூடப் பிடிக்காது. ஊற்றுப் பேனாவுக்கு ஒரு குணம் உண்டு: மை பாதிக்குக் கீழே இறங்கினால் கக்கும். கையின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுவதுதான் காரணம். காரணம் தெரியாத வயதிலேயே எங்களுக்கு மருந்து தெரியும். பேனாவை எப்போதும் நிரப்பி வைத்திருக்க வேண்டும், கழுத்து மரையில் கொஞ்சம் மெழுகு தேய்க்க வேண்டும். தேர்வு நாளில் காலி பேனாவோடு வருபவனுக்குப் பள்ளி வாசல் பெட்டிக்கடையில் 5 காசுக்கு மை ஊற்றித் தருவார்கள். அந்தக் காசும் இல்லாதவனுக்கு நண்பன் தன் பேனாவை பெஞ்சின் மேல் லேசாக உதறி நாலு சொட்டு விடுவான். நிப்பை அந்தச் சொட்டில் வைத்தால் அது அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் சிந்தியதைச் சாக்பீஸால் ஒற்றி எடுப்போம். கழுத்து இறுகிவிட்டால் பல்லால் கடித்துத் திருகுவதும், நாள் முழுக்க நீல உதட்டோடு திரிவதும் சகஜம்.

கோவில்பட்டிக்கு வடக்கே, மதுரை போகிற சாலையில், வைப்பாற்றங்கரையில் இருக்கிறது சாத்தூர். சாத்தூர் என்றால் பலருக்கும் காராச்சேவும் வெள்ளரிப்பிஞ்சும்தான் நினைவுக்கு வரும். என் வயதுக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வரும்: நிப்பு. நாங்கள் எழுதிய பேனாக்களில் பெரும்பாலானவற்றின் நிப்பு அந்த ஊரில் குடிசைத் தொழிலாகச் செய்யப்பட்டதுதான். என் அத்தை வீடு அங்கே இருந்தது. அந்தத் தெருவில் வீட்டுத் திண்ணைகளே பட்டறைகள். மத்தியான வேளையில் நடந்தால் கைப்பிரஸ்களின் டக் டக் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும்.

தகட்டுப் பட்டையை ஒருவர் பிரஸ்ஸுக்குள் நகர்த்த நகர்த்த, இலை வடிவத் துண்டுகள் கீழே விழும். அடுத்து நடுவில் துளை, மேலே பெயர் முத்திரை, பிறகு வளைவு. கடைசியில்தான் வெட்டு போடுவார்கள். அதாவது, துளையிலிருந்து முனை வரை அந்த மயிரிழைப் பிளவு. பெண்களே அதிகம் செய்த வேலை அது. அத்தை வீட்டுக்கு எதிரே இருந்த அக்கா, வெட்டு போட்ட நிப்புகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டே இருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“துளைகிட்ட கோடா வெளிச்சம் தெரியணும், தம்பி. முனைக்கு வர வர அது இல்லாமப் போயிறணும். முனை வரைக்கும் வெளிச்சம் வந்துச்சுன்னா மை பாதியிலயே நின்னுரும்.”

பிளவு முனையை நோக்கிக் குறுகக் குறுகத்தான் மை முன்னேறும். அகன்றுவிட்டால் நின்றுவிடும். இந்த இயற்பியலை அந்த அக்கா எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்தவரில்லை. இன்று ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிற பேனாவையும் நான் முதலில் வெளிச்சத்தில்தான் தூக்கிப் பார்க்கிறேன். அவர் சொன்ன சோதனையில் தேறாத வெளிநாட்டு நிப்புகளையும் கண்டிருக்கிறேன்.

அப்பா ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதினார். அவருடைய பேனா ராஜமுந்திரி ரத்னம். அந்தப் பக்கம் போன உறவினர் ஒருவர் வாங்கி வந்தது. கறுப்பு எபோனைட், தடித்த உடல், வழவழப்பான மூடி. ரத்னம் பேனாவின் கதையை அப்பா அடிக்கடி சொல்வார். கே.வி. ரத்னம் 1921-இல் காந்தியைச் சந்தித்தபோது, மக்களுக்கு அன்றாடம் பயன்படுகிற எதையாவது இந்த மண்ணிலேயே செய்யும்படி காந்தி சொன்னாராம். அவர் பேனா செய்யத் தொடங்கினார். அவர் அனுப்பிய பேனாவைப் பயன்படுத்திப் பார்த்த காந்தி, அது நன்றாக எழுதுகிறது, அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935-இல் கடிதம் எழுதினார். வங்காளத்தில் 1934-இல் தொடங்கிய சுலேகா மையும் அதே சுதேசி உணர்வில் பிறந்ததுதான். பேனாவும் மையும் அயல்நாட்டுச் சரக்காக இருக்கக் கூடாது என்று ஒரு தலைமுறை முனைந்து உழைத்திருக்கிறது. நான் அந்தப் பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. வந்துதான் ஆக வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

அப்பா பேனாவை யாருக்கும் மறுக்கமாட்டார். ஆனால் மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும்தான் நீட்டுவார். தபால் நிலையத்தில் மணியார்டர் ஃபாரம் நிரப்ப இரவல் கேட்கிறவர்கள் மூடியில்லாத பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட முடியாது. எழுதி முடித்ததும் தாமாகத் திருப்பித் தருவார்கள். எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பேனா அவரிடமே இருந்ததற்கு இதுதான் காரணம். இப்போது அது என்னிடம் இருக்கிறது. ஜன்னலோரம் வெயில் பட்டுப் பட்டு ஒரு பக்கம் கறுப்பு மங்கிப் பாசிநிறம் கலந்த பழுப்பாகிவிட்டது. எபோனைட்டின் இயல்பு அது. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்துக் கெட்டிப்படுத்திய பொருள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் இன்றும் கந்தக வாசனை லேசாக எழும். மெருகு போட்டால் கறுப்பு திரும்பிவிடும் என்றார் ஒரு நண்பர். வேண்டாம் என்றேன். அதன் நிப்பு முனை அப்பாவின் கைச்சாய்வுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கிறது. நான் வழக்கம்போலப் பிடித்தால் கீறும். மணிக்கட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, அப்பா பிடித்த மாதிரி பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கல்லூரி நாட்களின் கனவுப் பேனா ஹீரோ. சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு முதல் சம்பளத்தில் பர்மா பஜாரில் வாங்கினேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் பாரிமுனையில் அமைந்த கடைவீதி அது. சீனத்து ஹீரோ அங்கே மலிவாகக் கிடைத்தது. பேரம் பேசாமல் வாங்கினால் கடைக்காரரே ஏமாற்றத்தோடு பார்ப்பார். பளபளக்கும் எஃகு மூடி, அம்பு போன்ற கிளிப்பு, முனை மட்டும் எட்டிப் பார்க்கிற மூடிய நிப்பு. அந்த வடிவம் அமெரிக்காவில் 1941-இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51-ஐப் பின்பற்றியது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. பார்க்கர் 51-இன் நிப்பை உறைக்குள் பொதிந்தது அழகுக்காக மட்டும் இல்லை. அதற்கென உருவாக்கிய வேகமாக உலரும் மை, முனையிலேயே காய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான். ஹீரோவில் ஃபில்லர் தேவையில்லை. மைப்புட்டிக்குள் நிப்பை அமிழ்த்தி, பின்னால் இருக்கிற குழாயை நாலு முறை அமுக்கினால் மை நிறைந்துவிடும். பிளஸ் டூ தேறியவனுக்கும், கல்யாண மாப்பிள்ளைக்கும், மாற்றலாகிப் போகிற மேலதிகாரிக்கும் பரிசு என்றால் அது ஹீரோதான். சட்டைப்பையில் அந்த எஃகு மூடி தெரிய நடப்பது ஒரு தனி மதிப்பு.

பச்சை மையைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்லி முடிக்க முடியாது. சான்றிதழ் நகலுக்குக் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். அவர் பச்சை மையில் போடுவார். அந்தப் பச்சைக் கோட்டுக்காகப் பிள்ளைகள் தாலுகா ஆபீஸ் வாசலிலும் அரசு மருத்துவமனை வராந்தாவிலும் காத்துக் கிடந்திருக்கிறார்கள். நானும் கிடந்திருக்கிறேன். மத்திய அரசு 2014-இல் சுயச்சான்று போதும் என்று சொன்ன பிறகு அந்தக் காத்திருப்பு பெரிதும் குறைந்தது. நல்ல காரியம். இப்போது என் மேசையில் பச்சை மைப்புட்டி ஒன்று இருக்கிறது. அதை ஊற்றி மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிறேன். யாரும் வராந்தாவில் நிற்க வேண்டியதில்லை என்ற நினைப்பே அந்த நிறத்துக்கு ஒரு தெளிவைத் தருகிறது.

பிறகு ரெனால்ட்ஸ் வந்தது. வெள்ளை உடல், நீல மூடி, 045. சென்னையைச் சேர்ந்த ஜி.எம். பென்ஸ் நிறுவனம் தயாரித்தது. எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் முழுக்கத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பைகளில் அதுவே ஆட்சி செய்தது. தமிழய்யாக்கள் தோற்றுப்போனார்கள். பந்துமுனைப் பேனாவுக்கு வடிவம் கொடுத்தவர் லாஸ்லோ பீரோ என்ற ஹங்கேரியப் பத்திரிகையாளர், காப்புரிமை 1938-இல். அச்சக மை உடனே உலர்வதைப் பார்த்துவிட்டு, அதுபோன்ற கெட்டி மையில் எழுதுகிற பேனா வேண்டும் என்று முனைந்தவர். அவர் செய்தது பெரிய உபகாரம். மழையில் தபால் கொண்டுபோகிறவர், பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கணக்கு எழுதுகிற கண்டக்டர், மூன்று கார்பன் தாளை அழுத்தி எழுத வேண்டிய கடைக்காரர் ஆகியோரிடம் மைப்பேனாவின் பெருமையைப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் பந்தை உருட்ட அழுத்தம் வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு எழுதிவிட்டு இன்றைய பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். மைப்பேனா தன் எடையிலேயே எழுதும். விரல்கள் வழிகாட்டினால் போதும். இன்னொன்றும் போயிற்று. தீர்ந்ததும் தூக்கி எறிகிற பேனாவுக்குப் பழுது பார்க்கிறவர் தேவையில்லை. பஸ் ஸ்டாண்ட் அண்ணாச்சியின் கண்ணாடிப் பெட்டியில் முதலில் பால்பாயின்ட் ரீஃபில்கள் வந்தன, பிறகு செல்போன் உறைகள் வந்தன, பிறகு அந்தப் பெட்டியே இல்லை. சாத்தூர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. அத்தை வீட்டுத் தெருவில் இப்போது டக் டக் சத்தம் கேட்பதில்லை.

நான் பேனா சேர்க்கத் தொடங்கியதற்கு அந்த மௌனம்தான் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் அப்பாவின் ரத்னத்துக்கு நிப்பு தேடினேன். அந்தத் தேடல் பாரிமுனை என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கிற ஜெம் அண்ட் கோ வரை கொண்டுபோயிற்று. காமா என்ற பேனாவைச் செய்கிறவர்கள். கலைஞர் கருணாநிதி பல்லாண்டு எழுதிய வாலிட்டி 69 பேனா அங்கிருந்துதான் போயிற்று. உடலுக்குள் மை ஊற்றுகிற, தடித்த, எளிய பேனா. ஆட்சி, திரைக்கதை, முரசொலிக் கடிதம் என்று அவ்வளவு எழுதிய கை விலையுயர்ந்த பேனாவைத் தேடவில்லை. கைக்குப் பழகிய ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப வாங்கியது. எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு திருவள்ளூர் ரங்கா பேனாக்கள். எபோனைட் கட்டையைக் கடைசலில் கொடுத்துக் கையால் கடைந்து செய்கிறார்கள். வாங்குகிறவர்களில் வெளிநாட்டினர் ஏராளம். என் பேனா ஆலிவ் பச்சையில் கறுப்பு அலைகள் ஓடுவது. மூடி மரையை மூடும்போது நாலு விரல் அளவுக்கு மெதுவாகச் சுற்றி, கடைசியில் சத்தமில்லாமல் பொருந்துகிற அந்தப் பதம், அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் கிடைப்பதில்லை. ஜப்பானில் தங்க நிப்பும் அரக்குப் பூச்சுமாகச் செய்கிறார்கள், ஜெர்மனியில் திருகி மை ஏற்றுகிற பேனாவை நுணுக்கமாகச் செய்கிறார்கள், எல்லாவற்றுக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் கடைசலுக்குப் பக்கத்தில் நின்று, இங்கே கொஞ்சம் தடிமன் குறையட்டும் என்று தமிழில் சொல்லி வாங்குகிற பேனா திருவள்ளூரில் கிடைக்கிறது. உலகம் தேடி வருகிறது, நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு நிப்பின் அளவு ஒரு முக்கியமான சங்கதி. பேனா பற்றிய ஆங்கில நூல்கள் அகன்ற நிப்பைப் புகழும். அதை நம்பி வாங்கித் தமிழ் எழுதினால் ரெண்டு சுழி ன-வும் மூணு சுழி ண-வும் ஒரே மைக்கட்டியாகிவிடும். சுழியின் உள்வட்டம் அடைபட்டுப் போகும். ‘ஞ’-வும் ‘இ’-யும் படும் பாடு சொல்லி முடியாது. நமக்குத் தேவை மெல்லிய முனை. ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிட ஒரு படி மெலிந்தவை. சிறிய கட்டத்துக்குள் பல கோடுகளை அடக்குகிற அவர்களின் எழுத்துக்கு அது வேண்டியிருக்கிறது, நம் சுழிகளுக்கும் அது பொருந்துகிறது. என்னிடம் பிளாட்டினம் 3776 ஒன்று இருக்கிறது. ஃபியூஜி மலையின் உயரத்தை மீட்டரில் பெயராகக் கொண்ட பேனா. முதலில் வந்தது 1978-இல். அதன் மெல்லிய முனையில் ‘அண்ணன்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு ண-விலும் மூன்று சுழியும் திறந்து, ன-வில் இரண்டும் தெளிந்து நின்றன. அன்று மாலை முழுக்க அந்த ஒரு சொல்லையே எழுதிக்கொண்டிருந்தேன். சாத்தூர் நிப்புகளும் மெல்லியவைதான். ஊர்க் கைகளுக்கு எது வேண்டும் என்று அந்தத் திண்ணைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

தாளும் மையும் பேனாவில் பாதி. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிற புகளூர் ஆலையின் தாளில் மை பரவாமல் நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். விலையுயர்ந்த டைரிகள் சிலவற்றில் எழுதினால் மறுபக்கம் தேமல் தேமலாக ஊறிவிடும். மை விஷயத்தில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தோடு கூடித் தாளில் காற்றுப்படக் கறுத்து நிலைக்கும். ஐரோப்பாவில் பத்திரங்கள் எழுதிய மைக்கும் இதே வேதியியல்தான். ஆனால் அந்த மையை இன்றைய பேனாவில் ஊற்றாதீர்கள். அதன் புளிப்பு எஃகு நிப்பை அரித்துவிடும், வாய்க்கால்களில் வண்டல் தங்கும். படம் வரைகிற இந்தியன் இங்க்கும் ஆகாது. அதிலுள்ள அரக்கு இறுகினால் நாக்கு அடைத்துப் போகும். கேமல், பிரில் போன்ற சாதாரண ராயல் புளூ போதும். எளிதில் கழுவ வரும், பேனாவுக்கு நல்லது.

பேனா சேர்க்கிறவர்களில் மை படாமல் பஞ்சு மெத்தையில் படுக்கவைத்துப் பூட்டிவைப்பவர்கள் உண்டு. விலை ஏறும், விற்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதாத பேனாவில் நாக்கும் நிப்பும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. நான் மூன்று பேனாக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் மை ஊற்றுவதில்லை. மாதப் பிறப்பில் அவற்றைக் கழுவிக் காயவைத்து, அடுத்த மூன்றை எடுப்பேன். இந்த மாதம் ரத்னம் கணக்கெழுத, பிளாட்டினம் நாட்குறிப்புக்கு, ரங்கா கடிதத்துக்கு. கடிதம் யாருக்கு என்று கேட்கலாம். வெளியூரில் இருக்கிற பேத்திக்கு எழுதுகிறேன். அவள் பதிலைச் செல்போனில்தான் அனுப்புவாள். என் கடிதத்தைப் படம் எடுத்து, ‘தாத்தா, இந்த மூணு சுழி எப்படிப் போட்டீங்க?’ என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு போகிறாள்.

உங்கள் வீட்டுப் பீரோவில், பழைய பத்திரங்களுக்கும் ரேஷன் கார்டுக்கும் இடையில், அப்பாவோ தாத்தாவோ எழுதிய பேனா ஒன்று கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். மை காய்ந்து கழுத்து இறுகியிருக்கும். பல்லாலோ குறட்டாலோ திருகாதீர்கள். நிப்பு மூழ்கும் அளவுக்குச் சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். வெந்நீர் கூடாது, எபோனைட் நிறம் மங்கிவிடும். காலையில் தண்ணீர் நீலமாகியிருந்தால் நல்ல அறிகுறி. தெளிந்த நீர் வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகும் எழுதவில்லை என்றால் தூக்கி எறிய வேண்டாம். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் பேனா பழுது பார்க்கிற வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தேடிப் போய், கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர்களுக்கு வேலை இருக்கிற வரைதான் அந்தப் பேனாக்களுக்கும் ஆயுள்.